ஒன்பதாம் மாத ஊசியன்று இன்னொரு வாக்கியம்: குழந்தை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் குழந்தை நல மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வருகிறோம். நர்ஸ் எடை பார்க்கிறார், நீளம் அளக்கிறார், தலையைச் சுற்றி டேப் வைக்கிறார். நீங்கள் அந்த எண்களை வளர்ச்சிக் கோட்டில் புள்ளியாக வைத்துப் பார்த்துவிட்டு, "முட்டை குடுக்கலாம், வாக்கர் மட்டும் வேண்டாம்" என்கிறீர்கள். அதற்குமுன் வாரக்கணக்கில் நடந்த வாக்கர் சண்டை அன்று மாலையே முடிந்துவிடுகிறது. "டாக்டர் சொல்லிட்டாரு" என்றால் எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது. பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான்.

அந்தச் செல்வாக்கை இன்னொரு காரியத்துக்கும் பயன்படுத்தச் சொல்லித்தான் எழுதுகிறேன். அதே நாளில், அதே எண்களை வைத்தே, கார் வைத்திருக்கும் பெற்றோரிடம் இதையும் சொல்லுங்கள்: "குழந்தை சீட்டை இப்போதைக்கு முன்பக்கம் திருப்பாதீங்க." (காரின் இருக்கையில் மாட்டும் இந்தக் குழந்தை சீட்டை, சின்னக் குழந்தைக்குப் பின்கண்ணாடியைப் பார்த்தபடி, அதாவது பின்னோக்கி வைப்பார்கள். பிறகு சாலையைப் பார்த்தபடி முன்னோக்கித் திருப்புவார்கள்.)

ஒன்பதாம் மாதத்தைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சீட்டைத் திருப்பச் சொல்லி எல்லாத் திசையிலிருந்தும் நெருக்கடி வரும் பருவம் அது. குழந்தை உட்காரப் பழகியிருக்கும், எட்டி எட்டிப் பார்க்கும், பின்கண்ணாடியையும் சீட்டின் சாய்மானத்தையுமே பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று அழும். ஒரு வயதுக்குள் குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் முடிக்க வேண்டும் என்று நாள் பார்த்திருப்பார்கள். பலருக்கும் குழந்தையோடு போகும் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அதுதான். கார் நிறைய ஆட்கள், டிக்கி நிறைய பாத்திரம். அப்போது யாராவது ஒருவர் சீட் வந்த பெட்டியை எடுத்துப் படிப்பார்: முன்னோக்கிப் பொருத்த 9 கிலோ முதல் 18 கிலோ வரை. "இவன்தான் ஒம்பது கிலோ வந்துட்டானே!" நான் சீட் வாங்கிய கடையில் கிலோவைக்கூடச் சொல்லவில்லை. "ஒம்பது மாசம் ஆனா திருப்பிக்கலாம் மேடம்" என்றார் விற்பனையாளர். கிலோ எப்போது மாதமாக மாறியதென்று அவருக்கும் தெரிந்திருக்காது.

அந்த 9 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்குகிறது. இந்தியாவில் குழந்தை சீட்டுகளுக்கான தரம் ஏ.ஐ.எஸ்-072. அது ஐரோப்பாவின் பழைய ஆர்44 விதியை அடியொற்றியது. அந்த விதி குழந்தைகளை எடையால் பிரித்தது. பின்னோக்கிய சீட் 13 கிலோ வரை, முன்னோக்கிய சீட் 9 முதல் 18 வரை. ஆக 9-க்கும் 13-க்கும் இடையில் இரண்டுமே அனுமதிக்கப்பட்டவை. 9 என்பது, அதற்குக் கீழே திருப்பவே கூடாது என்ற எல்லை. அதைத் தொட்டதும் திருப்ப வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனால் பெட்டியில் இரண்டு எண்கள் இருந்தால் முதலில் வருவதுதான் கண்ணில் படும். 13 யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

இடையிலுள்ள இந்த நான்கு கிலோ எவ்வளவு காலம் என்பதை எங்களைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். நீங்கள் பயன்படுத்தும் உலக சுகாதார நிறுவனக் கோட்டின்படி, நடுவாந்திர எடையுள்ள ஆண் குழந்தை பத்தாம் மாதத்தை ஒட்டி 9 கிலோவைத் தொடுகிறது. பெண் குழந்தை முதல் பிறந்தநாளை ஒட்டி. 13 கிலோவை ஆண் குழந்தை ஏறத்தாழ இரண்டு வயது நாலைந்து மாதத்திலும், பெண் குழந்தை இரண்டு வயது ஏழெட்டு மாதத்திலும் எட்டுகிறது. ஒன்றரை ஆண்டு வித்தியாசம்! நம் ஊரில் நடுக்கோட்டுக்குக் கீழே வளரும் குழந்தைகள் அதிகம், அவர்களுக்கு இன்னும் கூடுதலாகவே கிடைக்கும். "எடை போடலையே டாக்டர்" என்று உங்களைப் பாடாய்ப்படுத்தும் பெற்றோருக்கு, இந்த ஒரு விஷயத்தில் ஒல்லியாக இருப்பதும் வசதிதான் என்று சொல்லிப் பாருங்கள்.

(எடைக்கு முன்பாகவே உயரம் முட்டிக்கொள்ளலாம். தலையின் உச்சி சீட்டின் மேல்விளிம்பை நெருங்கிவிட்டால், எடை மிச்சமிருந்தாலும் அந்த சீட் பின்னோக்கிய நிலையில் சிறிதாகிவிட்டது என்று பொருள். எவ்வளவு இடைவெளி வேண்டுமென்று சீட்டின் கையேட்டில் இருக்கும்.)

கழுத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் இந்த மடலைப் பெற்றோரும் படிப்பார்கள். பிறந்த குழந்தையின் உயரத்தில் கால் பங்கு தலை. பெரியவர்களுக்கு ஏழில் ஒன்று, எட்டில் ஒன்று. அந்தக் கனத்தைத் தாங்கும் கழுத்து முள்ளெலும்புகள் இரண்டு வயதில் முழு எலும்பாகியிருப்பதில்லை. துண்டு துண்டாக, நடுவே குருத்தெலும்போடு இருக்கின்றன. அவை ஒன்றுசேர்ந்து இறுகுவது மூன்று வயதிலிருந்து ஆறேழு வயதுக்குள். தசைநார்களும் தளர்வு. முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையோடு கார் எதிலாவது மோதினால், பெல்ட் தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க ஒன்றுமில்லை, அது முன்னால் வீசப்படும். கழுத்து இழுபடும். எலும்பும் தசைநாரும் நீண்டு கொடுக்கும் அளவுக்குத் தண்டுவடம் நீண்டு கொடுக்காது. பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்து சீட்டின் ஓட்டுக்குள் அழுந்தும். குளிப்பாட்டும்போது பாட்டி பிள்ளையின் பிடரிக்குக் கை கொடுப்பாரே, அதே வேலையைத்தான் அந்த ஓடு செய்கிறது.

இந்த யோசனையே ஒரு மருத்துவரிடமிருந்து வந்ததுதான். சுவீடனைச் சேர்ந்த பெர்டில் ஆல்ட்மன் மருத்துவம் படித்தவர், பிறகு சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்குப் போனவர். அமெரிக்காவின் ஜெமினி விண்வெளித் திட்டத்தின் வீரர்கள் முதுகு முழுவதும் அணைந்த இருக்கையில் மல்லாந்து கிடப்பதைப் பார்த்த அவருக்கு, குழந்தையையும் விசையின் திசைக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் என்ன என்று தோன்றியது. 1964-இல் வோல்வோ காரில் முதல் மாதிரியைச் சோதித்தார்கள். அன்றிலிருந்து சுவீடனில் குழந்தைகள் ஏறத்தாழ நான்கு வயது வரை பின்னோக்கித்தான் போகிறார்கள். கால் மடங்கிப் போன தலைமுறை ஒன்று அங்கே உருவாகிவிடவில்லை.

ஆதாரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் சிலர் இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். "பின்னோக்கி உட்கார்ந்தால் 75 விழுக்காடு பாதுகாப்பு" என்ற எண் இணையத்திலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. 2007-இல் ஒரு அமெரிக்க ஆய்விலிருந்து வந்த எண் அது. கணக்கீட்டில் பிழை இருந்ததென்று பின்னால் தெரியவந்து, அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மறுபடி கணக்குப் போட்டபோது, சரியான சீட்டில் இருந்த இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பலத்த காயமடைந்தவர்கள் இரு திசையிலும் மிகக் குறைவு. எது மேல் என்று புள்ளியியல் உறுதியோடு சொல்ல அந்தத் தரவு போதவில்லை. ஆகவே அந்த 75-ஐ யாரிடமும் சொல்லாதீர்கள்.

அந்தக் கட்டுரை விழுந்த பிறகு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் என்ன செய்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. 2011 வரை அவர்கள் சொல்லிவந்த குறைந்தபட்ச எல்லை, ஒரு வயதும் 20 பவுண்டும். 20 பவுண்டு என்பது நம் 9 கிலோதான். 2011-இல் அதை இரண்டு வயதாக உயர்த்தினார்கள். ஆய்வு பொய்த்ததும் பழைய ஒரு வயதுக்கே திரும்பியிருக்கலாம். 2018 ஆகஸ்டில் அவர்கள் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் வயது என்ற எல்லையையே எடுத்துவிட்டார்கள். சீட்டின் பின்னோக்கிய உச்ச எடையோ உயரமோ வரும்வரை பின்னோக்கியே, முடிந்தவரை நீட்டியுங்கள் என்றார்கள். உடலமைப்பு, மோதல் சோதனைகள், சுவீடனின் அனுபவம் மூன்றும் ஒரே பக்கம் காட்டும்போது, ஒரு ஆய்வு இல்லாமல் போனதால் அறிவுரை தலைகீழாக வேண்டியதில்லை. அமெரிக்காவிலிருக்கும் உறவினர்கள் ஆளுக்கொரு வயது சொல்வதும் இதனால்தான். அவரவர் பிள்ளை பிறந்த ஆண்டின் விதியை அவரவர் சொல்கிறார்கள்.

ஐரோப்பாவும் நகர்ந்துவிட்டது. 2013-இல் வந்த ஆர்129 விதி, ஐ-சைஸ் என்று பெட்டியில் போட்டிருக்குமே அது, 15 மாதம் முடியும்வரை முன்னோக்கி வைப்பதையே தடுக்கிறது. எடையை விட்டு உயரத்துக்கு மாறியதும் அதில்தான். அந்த வகை சீட்டுகளில் சில 105 சென்டிமீட்டர் வரை பின்னோக்கி வைக்கலாம். உங்கள் கோட்டில் அது நான்கு வயதைத் தாண்டிய உயரம். அந்த முத்திரையோடு நம் ஊரிலும் சில சீட்டுகள் விற்கின்றன, விலைதான் கூடுதல்.

நம் சட்டத்துக்கு வருகிறேன். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. அந்த சீட் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. இந்தப் பிரிவில் அபராதம் கட்டிய ஒருவரை நான் இதுவரை பார்த்ததும் இல்லை. ஆகவே அந்தப் பக்கமிருந்து உதவியை எதிர்பார்க்காமல்தான் உங்கள் கதவைத் தட்டுகிறேன்.

சட்டம் இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது, அதை வீடுகளில் யாரும் கவனிக்கவில்லை. 2021 ஏப்ரலில் தொடங்கி, புதிய கார்களில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது. "நாங்கெல்லாம் அம்பாசிடர்ல முன்னாடி மடியிலதான் போனோம், என்ன ஆச்சு?" என்று மாமா கேட்பார். அம்பாசிடரில் எதிரே வெறும் தகரம் இருந்தது. இன்று எதிரே இருப்பது கண்சிமிட்டும் நேரத்தில் வெடித்து விரியும் பை. குழந்தை மடியில் இருந்தாலும் ஆபத்து. பின்னோக்கிய சீட்டை அங்கே மாட்டினால் அதைவிடப் பெரிய ஆபத்து, ஏனென்றால் அந்தப் பை குழந்தையின் தலைக்குப் பின்னாலுள்ள ஓட்டின் மீதே நேராக மோதும். அதனால் "திருப்பாதீங்க" என்று சொல்லும்போது "காரோட பின்சீட்ல வெச்சு" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டும் ஒரே மூச்சில் வர வேண்டும். பாதி அறிவுரை இங்கே உயிரை வாங்கும்.

மடியைப் பற்றிப் பேசாமல் திசையைப் பற்றிப் பேசுவது வீண். சீட் வாங்கிய வீடுகளிலும் அது பாதி நேரம் டிக்கியில்தான் கிடக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 10 கிலோக் குழந்தை சுமார் 140 கிலோ விசையோடு முன்னால் இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து வைக்காது. பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் தாயின் உடலே குழந்தையை நசுக்கும். என் தரவரிசை இதுதான்: முதலில் சீட், பிறகு திசை. பதினெட்டு மாதத்தில் முன்னோக்கித் திருப்பப்பட்டு, பெல்ட் இறுக்கமாகப் போட்ட குழந்தை, மடியிலிருக்கும் குழந்தையைவிட எவ்வளவோ பாதுகாப்பானது. ஒரு தாய் ஏற்கெனவே திருப்பிவிட்டேன் என்றால் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்துகொண்டால் அடுத்த முறை உண்மை வராது. எடை இடம் கொடுத்தால் மறுபடி பின்னோக்கி வைக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இதைச் சொன்னதும் உங்களிடம் வரப்போகும் எதிர்க்கேள்விகளையும் எழுதிவிடுகிறேன். எல்லாம் என் வீட்டுக்குள் கேட்டவை.

"கால் மடங்கிப் போயிடும்." மடங்கட்டும். குழந்தைகள் சம்மணம் போட்டுக்கொள்வார்கள், சாய்மானத்தில் காலைத் தூக்கி வைப்பார்கள். மோதலில் காலில் அடிபடுவதும் முன்னோக்கி உட்கார்ந்த குழந்தைகளுக்குத்தான் அதிகம், முன்சீட்டின் முதுகில் கால் போய் இடிப்பதால். "வாந்தி எடுக்கும்." சில குழந்தைகள் எடுக்கும், திருப்பினாலும் அவர்களில் பலர் எடுப்பார்கள். கிளம்புவதற்குச் சற்று முன்னால் வயிறு முட்டப் பால் கொடுக்காதீர்கள் என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள். "முகம் தெரியல." பின்சீட்டில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் தெரியும்.

வெயில் மட்டும் நிஜமான தொல்லை. வெயிலில் நின்ற காரில் சீட்டின் பக்கிள் சுடும். பின்னால் ஏசி துவாரம் இல்லாத சின்னக் காரில் முன்னாலிருந்து வரும் காற்று பின்னோக்கிய சீட்டின் முதுகில் பட்டுத் திரும்பிவிடும், குழந்தை வேர்த்து நனையும். நான் பார்த்த ஐரோப்பிய அறிவுரைப் பக்கங்களில் இதற்குப் பதில் இல்லை. அவர்கள் குளிர்கால ஜாக்கெட்டைப் பற்றி எழுதுகிறார்கள். கிளம்புமுன் கதவுகளைத் திறந்து, ஏசியை ஓடவிட்டு, நிறுத்தியிருக்கும்போது சீட்டின் மேல் வெள்ளைத் துண்டு போட்டுவைத்து, ஜன்னலுக்கு நிழல்வலை மாட்டி, மெல்லிய பருத்திச் சட்டையில் உட்கார வைப்பதுதான் நாங்கள் செய்வது. இது எல்லா வீட்டுக்கும் போதும் என்று சொல்ல மாட்டேன். ஹேட்ச்பேக் காரில் பின்னோக்கிய சீட்டை வைத்தால் அதற்கு முன்னாலிருப்பவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும் என்பதும் உண்மை. எங்கள் வீட்டில் அந்த இடம் உயரம் குறைந்தவருக்கு, அதாவது எனக்கு.

உங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் காரில் வருவதில்லை என்பதும் தெரியும். ஸ்கூட்டரில் அம்மாவின் மார்புக்கும் அப்பாவின் முதுகுக்கும் நடுவே வருகிறார்கள், ஆட்டோவில், பஸ்ஸில் வருகிறார்கள். இருசக்கர வண்டியில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்று 2022-இல் விதி போட்டார்கள். அது தனியாக எழுதப்பட வேண்டிய மடல். 2022-இல் நாட்டிலேயே அதிகமாக, 64,105 சாலை விபத்துகள் பதிவான மாநிலம் நம்முடையது. காரில் வரும் குழந்தைக்கு ஒரு வாக்கியம் கேட்பது மற்றவர்களை மறந்ததால் அல்ல. பணம் கொடுத்து வாங்கி ஏற்கெனவே வீட்டிலிருக்கும் ஒரு பொருளை, செலவே இல்லாமல் இன்னும் ஒன்றரை ஆண்டு சரியாகப் பயன்படுத்த வைக்கும் வழி இது என்பதால்.

டோக்கன் நாற்பதைத் தாண்டிய மாலையில் உங்களுக்கு ஒரு குழந்தைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது வெளியே காத்திருக்கும் எங்களுக்கே தெரியும். ஆகவே சொற்பொழிவு வேண்டாம். "வெளியூருக்கு எதுல போவீங்க?" என்று ஒரு கேள்வி. கார் என்றால், தடுப்பூசி அட்டையில் அடுத்த ஊசித் தேதிக்குக் கீழே ஒரு வரி: "கார் சீட் – பின்சீட்டில், பின்னோக்கி, __ கிலோ வரை." அந்த இடத்தை நிரப்ப, சீட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அடுத்த முறை கொண்டுவரச் சொல்லலாம். 12, 15, 18-ஆம் மாத ஊசிகளுக்கு எப்படியும் எடை பார்ப்பீர்கள், அப்போது அந்த எண்ணோடு ஒப்பிட்டால் போதும். இடுப்பு மூட்டுக்குக் கட்டுப் போட்டவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் விஷயத்தில் எந்த சீட், எந்தச் சாய்வு என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள்.

தயவுசெய்து அந்த வரியைத் தமிழில், புரியும் கையெழுத்தில் எழுதுங்கள். மருந்துச் சீட்டைப் போல இதைப் படித்துச் சொல்ல மெடிக்கல் ஷாப்காரர் இருக்க மாட்டார். எங்கள் வீட்டில் அட்டையை வாங்கி முதலில் படிப்பது என் மாமியார்.

இப்படிக்கு,
ஒன்றரை வயதை நெருங்கும் பெண்ணின் அம்மா,
கோவை